வுல்பெண்டால் தேவாலயம்: தரையைப் பார்த்து நடக்க வேண்டிய இடம்

கொழும்பில் பழைய கட்டடம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கோட்டைப் பக்கம் ஒரு சுற்று, ஒல்லாந்தர் வைத்தியசாலையில் ஒரு தேநீர், காலிமுகத்திடலில் ஒரு இறால் வடை என்று முடித்துக்கொள்கிறார்கள். புறக்கோட்டை நெரிசலுக்குப் பின்னால் மேட்டில் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயம் அந்தச் சுற்றில் அகப்படுவதில்லை. அகப்பட்டாலும் வாசலில் ஒரு படம், உள்ளே ஐந்து நிமிடம், அதோடு சரி. ஒல்லாந்தர் இந்தத் தீவில் விட்டுப்போனவற்றில் இவ்வளவு முழுசாக நிற்பதும், இன்றும் ஆராதனை நடப்பதுமான கட்டடம் அரிது. குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

பழைய நகரம், பழைய தேவாலயம் என்றதும் கோவாவின் போம் ஜேசு பேராலயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் வாசலிலேயே ஏமாந்துபோவார்கள். பொன் பூசிய பீடம் கிடையாது. சுரூபம் கிடையாது. தூண் சுற்றிப் பறக்கும் சம்மனசுகள் கிடையாது. கட்டியவர்கள், புரட்டஸ்தாந்துச் சீர்திருத்தவாதி கல்வினின் வழிவந்த சீர்திருத்தச் சபையார். வழிபடும் இடத்தில் உருவம் கூடாது என்பதில் கண்டிப்பானவர்கள். வெள்ளைச் சுவரும் உயரமான கூரையும்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் அந்த நூற்றாண்டின் ஆடம்பர ஆசை அவர்களையும் விடவில்லை. சுவரில் இடம் மறுக்கப்பட்ட பரோக் அலங்காரம் முழுவதும் கல்லறைக் கற்களிலும் மரவேலையிலும் போய்க் குடியேறிவிட்டது. ஆகவே இங்கே அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பதில்தான் ஆதாயம்.

போகும் வழி. கோட்டைப் புகையிரத நிலையத்திலிருந்து நடந்தால் இருபத்தைந்து, முப்பது நிமிடம். பிரதான வீதியைப் பிடித்து, இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைப் பார்த்துக்கொண்டே நேரே போனால் கேமன் கேட் வரும். அங்கே ஓரமாக நிற்கும் மணிக்கூண்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதில் தொங்கும் மணி கோட்டேயில் போர்த்துக்கேயர் கட்டிய தேவாலயத்தில் இருந்தது என்று சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் மேட்டுத் தேவாலயத்து ஆராதனைக்கு ஆள் கூப்பிட்டதும் இதே மணிதான். கேமன் என்றால் முதலை. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து நீரில் அவை கிடந்தன. மணிக்கூண்டிலிருந்து செட்டியார் தெருப் பக்கம் திரும்பிவிடாமல், மேடேறும் வுல்பெண்டால் வீதியைக் கேட்டுப் பிடியுங்கள். கடைக்காரர்கள் எல்லோருக்கும் வழி தெரியும்.

நடக்க முடியாதவர்கள் ஓட்டோவில் போகலாம். சாரதியிடம் 'வுல்பெண்டால் சேர்ச்' என்றே சொல்லுங்கள். வெறுமனே 'வுல்பெண்டால்' என்றால் வீதியின் ஏதாவது ஒரு முனையில் இறக்கிவிடுவார். சொந்த வாகனம் கொண்டுபோவது புத்தியில்லை: ஒழுங்கை ஒடுக்கம், சாமான் இறக்கும் லொறிகள் குறுக்கே நிற்கும், நாட்டாமிமார் கைவண்டியோடு வந்தால் முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. சனிக்கிழமை புறக்கோட்டை உச்சத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்மா நேரத்தில் பள்ளிவாசல்களைச் சுற்றிய தெருக்கள் நிறைந்துவிடும். ஞாயிறு தெரு காலி, ஆனால் காலையில் ஆராதனை. அந்நேரம் வழிபட வருகிறவர்களுக்கானது, சுற்றிப் பார்க்கிறவர்களுக்கானது அல்ல. ஆடிவேல் நாட்களில் செட்டியார் தெருவை அண்டிய பாதைகள் அடைபடும். செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள், காலை ஒன்பது மணியளவில் போய்ச் சேருவதுதான் சரி.

நுழைவுச் சீட்டு இல்லை, நன்கொடை கொடுக்கலாம். கதவு பூட்டியிருந்தால் மூடிவிட்டார்கள் என்று திரும்பிவிட வேண்டாம். காப்பாளரைத் தேடிப் பிடித்து, பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னால் திறந்துவிடுவது வழக்கம். அவசரப்படுத்தாமல் கேளுங்கள்; எதையும் தொட்டுத் தூக்க மாட்டீர்கள் என்று அவருக்கு நம்பிக்கை வந்தால் நின்று பார்க்க நேரம் தருவார்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. வுல்பெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாயே இல்லை. கோட்டை மதிலுக்கு வெளியே காடாகக் கிடந்த இந்த இடத்தில் திரிந்த நரிகளை ஓநாய் என்று ஒல்லாந்தர் எண்ணிக்கொண்டார்கள் என்பது ஒரு விளக்கம். முன்பு இங்கே போர்த்துக்கேயர் கட்டிய குவாதலூப்பே மாதா கோயில் இருந்தது, அந்தப் பெயரின் கடைசிப் பகுதி 'லூப்பே'யை ஓநாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லாக எடுத்துக்கொண்டு மொழிபெயர்த்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பொருந்துகிறது. பள்ளத்தாக்கு என்று பெயர் வைத்த இடம் மேடாக இருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

1749இல் வேலை தொடங்கியபோது ஆளுநராக இருந்தவர் ஸ்டெய்ன் வான் கொலனெஸ். 1757 மார்ச்சில் தேவாலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது அந்த இடத்தில் லோட்டன் இருந்தார். எட்டு வருட வேலை எதில் போனது என்று சுவரைப் பார்த்தால் விளங்கும். கபுக் எனும் செம்புறைக் கல்லும் முருகைக் கல்லும் சேர்ந்த சுவர், கனம் ஏறக்குறைய ஐந்து அடி. யன்னல் குழியின் ஓரத்தில் நின்று உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பைப் பாருங்கள்: ஒரு சிறு பிள்ளை நீட்டி நிமிர்ந்து படுக்கலாம். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர்ச்சி தங்குவது இந்தக் கனத்தால்தான்.

கபுக் கல் வெட்டும்போது மெத்தென்றிருக்கும், காற்றுப்பட்டபின் இறுகும். ஆனால் பஞ்சுபோல் ஈரம் குடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். சுவர் குடித்த ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். இப்படிப்பட்ட சுவரில் எங்காவது சீமெந்து பூசினாலோ பிளாஸ்டிக் வர்ணம் அடித்தாலோ ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சுப் பொருமி உதிரும். கொழும்பின் பழைய கட்டடம் எதற்குப் போனாலும் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரையான சுவரை முதலில் பாருங்கள். அந்தக் கட்டடத்தை யார் எப்படிக் கவனித்தார்கள் என்ற வரலாறு அந்தப் பட்டையில்தான் இருக்கும்.

நடுக்கூரையின் உச்சியில் ஒரு காலத்தில் பித்தளைச் சிங்கம் ஒன்று நின்றது. தலையில் கிரீடம், ஒரு கையில் வாள், மறு கையில் ஏழு அம்பு. ஒன்றிணைந்த ஏழு ஒல்லாந்து மாகாணங்களுக்கான அடையாளம். 1856இல் விழுந்த இடி அதை அழித்து, கூரையையும் பெரிதாகச் சேதப்படுத்தியது. இப்போது மேலே தெரியும் கூரை அதன்பின் வந்தது. பழைய படங்களோடு ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே நுழைந்ததும் நேரே நடந்து போகாமல் நடுவில் நின்று நாலு பக்கமும் திரும்புங்கள். நான்கு கைகளும் ஒரே நீளமான கிரேக்கச் சிலுவை வடிவம் அப்போதுதான் பிடிபடும். கத்தோலிக்கக் கோயிலில் நீளமான நடைகூடம் பீடத்தை நோக்கி இழுத்துச் செல்லும். சீர்திருத்தச் சபைக்குப் பிரசங்கம்தான் நடுப்பொருள். எந்தக் கையில் அமர்ந்தாலும் பிரசங்கியாரின் குரல் கேட்க வேண்டும். அம்ஸ்டர்டாமில் 1620களில் எழுந்த நோர்டர் தேவாலயம் இதே வடிவம். நமக்கு அதைவிட நெருக்கமான ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டப்பட்ட சிலுவைத் தேவாலயமும் இதே கிரேக்கச் சிலுவைதான். போரில் அது இடிந்து கற்குவியலாகிவிட்டது. அதை நேரில் பார்க்க வாய்க்காத தலைமுறைக்கு, அந்தக் கூரையின் கீழ் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று உணர கொழும்பில் மிஞ்சியிருக்கும் இடம் இது. யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வருகிறவர்கள் இதற்காகவே ஒரு காலைப்பொழுதை வைக்கலாம்.

இனித் தரை. பதித்திருக்கும் கல்லறைக் கற்கள்தான் இந்தத் தேவாலயத்தின் செல்வம். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் ஒல்லாந்தர் கல்லறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைவேலை உடனே அடையாளம் தெரியும். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1749இல் தொடங்கிய கட்டடத்தில் அதற்கு முந்திய ஆண்டு பொறித்த கல் எப்படி வந்தது? கோட்டைக்குள், இப்போதைய ஜனாதிபதி மாளிகையை ஒட்டிய கோர்டன் பூங்காப் பகுதியில், ஒல்லாந்தரின் பழைய தேவாலயம் ஒன்று இருந்தது. அது கைவிடப்பட்டபின், பிரித்தானியர் காலத்தில், 1813இல், அங்கிருந்த கற்களையும் புதைக்கப்பட்டிருந்தவர்களின் எச்சங்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். ஆளுநர்களும் அதில் அடக்கம். ஆக, 1749க்கு முந்திய ஆண்டைக் கண்டால் அது பெரும்பாலும் இடம்பெயர்ந்து வந்த கல்.

இந்தக் கற்களைப் படிக்க ஒல்லாந்து மொழி தெரிய வேண்டியதில்லை. பத்துச் சொல் போதும். தொடக்கத்தில் 'ஹியர் லெய்ட் பெஹ்ராவன்' என்று வந்தால் 'இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார்'. 'ஹெபோரன்' என்றால் பிறந்தார். கல்லில் அது ஆங்கில 'ஜி' எழுத்தில் தொடங்கும், ஒல்லாந்தர் தொண்டையிலிருந்து 'ஹ' என்று உச்சரிப்பார்கள். 'ஓவர்லேடன்' இறந்தார், லத்தீனில் எழுதியிருந்தால் அதே இடத்தில் 'ஓபியிட்' வரும். 'ஹௌஸ்ஃப்ரௌ' மனைவி. 'ஔட்' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் மூன்று எண்கள் வயது: ஆண்டு, மாதம், நாள். இரண்டு ஆண்டு, சில மாதம், சில நாள் என்று நாள் கணக்குவரை பொறித்த ஒரு குழந்தையின் கல்லைக் கண்டால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பதவிப் பெயரில் ஏமாந்துவிடக் கூடாது. 'கோப்மன்' என்பதற்கு நேர்ப்பொருள் வியாபாரி. கடை வைத்திருந்தவர் என்று எண்ண வேண்டாம். அது ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகப் படி. கீழிருந்து 'ஒண்டர்கோப்மன்', 'கோப்மன்', 'ஓப்பர்கோப்மன்' என்று ஏறும். கடைசியானவர் மிகப் பெரிய அதிகாரி. அவர்கள் வேலை பார்த்த 'கான்டோர்'தான் நம் வாயில் கந்தோர் ஆனது. சாமான் போட்டு வைக்கும் லாச்சியும் அவர்களிடமிருந்து வந்த சொல்லே.

எழுத்தில் இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். ஆங்கில 'யூ' வர வேண்டிய இடத்தில் 'வீ' வெட்டியிருக்கும். சொல்லின் நடுவில் வரும் 'எஸ்' நீண்டு 'எஃப்' போலத் தெரியும். இந்த இரண்டையும் மாற்றிப் படித்தாலே பாதிப் பெயர்கள் துலங்கிவிடும்.

எழுத்துக்கு மேலே புடைப்பாகச் செதுக்கிய குலச்சின்னத்தைப் பாருங்கள். நடுவில் கேடயம், அதன்மேல் தலைக்கவசம், கவசத்திலிருந்து இரு பக்கமும் இலையாகக் கிழிந்து சுருண்டு இறங்கும் துணி. பரோக் என்பது இந்தச் சுருளில்தான் இருக்கிறது. மண்டையோடு, சிறகு முளைத்த மணற்கடிகாரம் போன்றவை இக்காலத்துக் கற்களில் வழக்கம். நேரம் பறக்கிறது, சாவு நிச்சயம் என்று பார்க்கிறவருக்குச் சொல்வது. ஒரு கல்லின் அருகே குந்தி உட்கார்ந்து, ஒரு சுருளை அதன் தொடக்கத்திலிருந்து முனைவரை கண்ணால் தொடர்ந்து போங்கள். உளி எங்கே ஆழமாக இறங்கியது, எங்கே இலேசாகத் திரும்பியது என்பது தெரியும். நடைபாதை ஓரத்துக் கற்களில் புடைப்பு இன்னும் கூராக இருக்கும், நடுவில் கால் பட்ட இடத்தில் சவர்க்காரக் கட்டிபோல் வழுவழுத்திருக்கும்.

தேய்ந்த கல்லைப் படிக்க ஒரு முறை இருக்கிறது. கைத்தொலைபேசி விளக்கைக் கல்லுக்கு நேர்மேலே பிடித்தால் எழுத்து மொத்தமும் மறைந்துவிடும், வெறும் சாம்பல் பரப்புத்தான் தெரியும். விளக்கைத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு இறக்கி, கல்லின் ஓரத்திலிருந்து கிடையாக அடியுங்கள். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழும். இடமிருந்து அடித்துத் தெரியாவிட்டால் தலைப்பக்கத்திலிருந்து அடியுங்கள். நெட்டுக்கோடுகளுக்கு ஒரு திசை, கிடைக்கோடுகளுக்கு இன்னொரு திசை வேண்டும். இரண்டு பேராகப் போனால் ஒருவர் விளக்கைப் பிடிக்க மற்றவர் மேலிருந்து பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். முழுக் கல்லும் ஒரு படம், பிறகு மூன்று நான்கு வரிக்கு ஒரு படம். காலை வெயில் சாய்வாக வரும்போது இதற்குப் பாதி உதவி தானாகக் கிடைக்கும். உச்சிவேளையில் போகக்கூடாது என்பதற்குக் காரணம் வெக்கை மட்டுமல்ல.

சோக்கட்டி தேய்த்து எழுத்தை வெளிக்கொண்டுவரும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சோக்குத் தூள் நுண்துளைக்குள் இறங்கிவிடும், அதைக் கழுவப் போனால் ஈரமும் தேய்ப்பும் கல்லின் மேற்பரப்பைத் தின்னும். தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். குதி உயர்ந்த செருப்பும் வேண்டாம். முழு உடல் பாரமும் ஒரு நாணய அளவில் இறங்கும் இடத்தில் விளிம்பு சிதறும். இங்கே செருப்பைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். மெல்லிய ரப்பர் செருப்பு நல்லது, கழற்றிவிட்டு நடந்தால் இன்னும் நல்லது.

மரவேலைக்குக் கொஞ்ச நேரம் வையுங்கள். பிரசங்க மேடை, ஞானஸ்நானத் தொட்டியின் தாங்கி, ஆளுநர் குடும்பத்துக்கென்று செய்த கருங்காலிக் கதிரைகள் எல்லாம் பார்க்க வேண்டியவை. கருங்காலி ஒரே கறுப்பாக, கைபட்ட இடம் கண்ணாடிபோல் இருக்கும். முதிரை தேன் நிறம், பக்கவாட்டில் பார்த்தால் பட்டுப்போல் மின்னும். கதிரையின் செதுக்குப் பூக்களைப் பார்த்தால் ஒல்லாந்துப் பூவும் உள்ளூர்க் கொடியும் பின்னிக் கிடப்பது தெரியும். வரைபடம் எவருடையதாக இருந்தாலும் உளி பிடித்த கை இந்தப் பக்கத்துக் கை. உட்கார்ந்து பார்க்க ஆசை வரும். உட்காராதீர்கள், பழைய இணைப்புகள் பக்கவாட்டு அசைவைத் தாங்காது. ஆளுநர் வான் கூன்ஸ் 1667இல் தம் மகளின் ஞானஸ்நானத்தை முன்னிட்டுக் கொடுத்த வெள்ளிப் பாத்திரமும் இந்தச் சபைக்கு உண்டு. அது சாதாரண நாளில் வெளியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சுவரில் ஆளுநர் பெயர், தரையில் ஆளுநர் பெயர் என்று பார்த்துக்கொண்டே போகும்போது நம்மவர் எங்கே என்ற கேள்வி எழும். பதில் கல்லில் இல்லை, தாளில் இருக்கிறது. கொழும்பில் 1723இல் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ இதே சீர்திருத்தச் சபையில் குருப்பட்டம் பெற்ற தமிழர். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியது, அதாவது இந்தத் தேவாலயம் திறந்து இரண்டே ஆண்டில். இங்கே பிரசங்க மேடையின் முன் நிற்கும் தமிழ் வாசகர் எவரும் அதை நினைக்காமல் திரும்பக் கூடாது என்பது எங்கள் எண்ணம்.

தமிழ் விளக்கப் பலகையையோ வழிகாட்டியையோ நம்பிப் போக வேண்டாம். மேலே சொன்ன பத்துச் சொல்லை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அரை லீற்றர் தண்ணீர், சிறு டோர்ச், கைக்குட்டை. உணவுக்கடை வளாகத்தில் இல்லை. வெளி முற்றத்திலும் கல்லறைகள் உண்டு, பறங்கியர் பெயர்கள் அதிகம். மழைக்குப் பின் பாசி வழுக்கும், வயதானவர்களைக் கையைப் பிடித்து நடத்துங்கள். படிகளும் சமமில்லாத தரையும் இருப்பதால் சக்கர நாற்காலியோடு போகிறவர்கள் இன்னொருவரின் உதவியோடு போவது நல்லது.

தேவாலயத்தோடு கன்னியர் மடமும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம் இறங்கலாம், நடை இருபது நிமிடம். புனித லூசியாள் பேராலயம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழத் தொடங்கியது; உயர்ந்த குவிமாடம், பெருந்தூண் முகப்பு, வுல்பெண்டாலில் மறுக்கப்பட்ட சுரூபமும் பீடமும் இங்கே நிறைய. பக்கத்து நல்லாயன் கன்னியர் மடம் பெண்கள் பாடசாலை. வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பாடசாலை விடும் நேரத்தில் அந்தத் தெருவில் வாகனம் அசையாது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்கும் போவதானால் செவ்வாயைத் தவிருங்கள், அன்று பக்தர் கூட்டம் அலைமோதும்; ஜூன் 13 திருநாளை அண்டியும் வீதிகள் மூடப்படும். 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு பைகளைத் திறந்து சோதிக்கிறார்கள், பெரிய பை கொண்டுபோகாதிருப்பது இலகு. மூன்றையும் ஒரே நாளில் வைத்தால் வுல்பெண்டாலை முதலில் வையுங்கள். மற்ற இரண்டையும் எந்த வெளிச்சத்திலும் பார்க்கலாம், இந்தக் கற்களுக்குக் காலை வெயில் வேண்டும்.